முகவுரை கோர்ட்டில் செல்லுமா?

அரசியல் சட்டப் புத்தகத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது முகவுரை. ஒரே ஒரு வாக்கியம்தான். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய நான்கையும் எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய இந்திய மக்கள் உறுதி பூண்டதாக அது கூறுகிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கோர்ட்டில் செல்லுமா?

இந்தக் கேள்வியைக் கிளப்பியது பெருபாரி. மேற்கு வங்காளத்தில், ஜல்பைகுரி மாவட்டத்தில் உள்ள எல்லைப் பகுதி அது. அதில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது என்று 1958-ல் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் ஒப்பந்தம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. நாட்டின் மண்ணைக் கொடுக்க அதிகாரம் கிடையாது என்று வாதாடியவர்கள், முகவுரையை ஆதாரமாகக் காட்டினார்கள்.

1960-ல் நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. சட்டம் செய்தவர்களின் மனதை அறிய முகவுரை ஒரு சாவி. ஆனால் அது அரசியல் சட்டத்தின் பகுதி அல்ல என்று கூறிவிட்டார்கள். (அரசியல் சட்டத்தைத் திருத்தி நிலத்தைக் கொடுக்கலாம் என்றார்கள். திருத்தமும் நிறைவேறியது. ஆனாலும் நிலம் கைமாறவில்லை. 1974-ல் வங்காளதேசத்துடன் செய்த ஒப்பந்தப்படி அது இந்தியாவுக்கே நின்றுவிட்டது!)

சபையில் நடந்தது என்ன?

நீதிபதிகள் பழைய ஏட்டைப் புரட்டியிருக்கலாம். 1949 அக்டோபர் 17-ந்தேதி அரசியல் நிர்ணய சபையில் முகவுரை மீது விவாதம் நடந்தது. கடவுளின் பெயரால் அதைத் தொடங்க வேண்டும் என்றார் காமத். ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. யோசனை தோற்றது. பிறகு, முகவுரை அரசியல் சட்டத்தின் பகுதியாக இருக்கும் என்ற தீர்மானத்தைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் ஓட்டுக்கு விட்டார். அது நிறைவேறியது. வெறும் அலங்காரத்துக்கா இவ்வளவு பாடு?

13 நீதிபதிகள்

1973-ல் கேரளத்து எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கை 13 நீதிபதிகள் விசாரித்தார்கள். முகவுரையும் அரசியல் சட்டத்தின் பகுதியே என்று அப்போது முடிவாயிற்று. சட்டத்தின் அடிப்படை அமைப்பைப் பார்லிமெண்டு குலைக்கக்கூடாது என்றும் தீர்ப்பானது. அந்த அடிப்படை எது என்று தேடும்போது முகவுரை உதவுகிறது.

பகுதி என்றால் அதையும் திருத்தலாம் அல்லவா? 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், "சோஷலிஸ", "மதச்சார்பற்ற" என்ற சொற்களைச் சேர்த்தார்கள். அதை எதிர்த்த மனுக்களை 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது.

ஆனால், முகவுரையை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர் 17-வது ஷரத்தைக் காட்ட வேண்டும். பாரபட்சம் காட்டினால் 14-வது ஷரத்து இருக்கிறது. ஷரத்தின் வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படும்போதுதான், நீதிபதி முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.