‘மாற்றப்பட்டிருக்கலாம்’ என்பது பதில் ஆகாது

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை டிவிடியில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டையின் பின்பக்கம் நன்றாகத் தெரியும். நடிகர்களின் படங்கள், கதைச் சுருக்கம், எத்தனை வட்டு, எத்தனை நிமிடம் எல்லாம் முடிந்த பிறகு, அடியில் பார்கோடுக்குப் பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். சில எபிசோடுகள் முதல் ஒளிபரப்பிலிருந்து மாறுபட்டிருக்கலாம், சில இசைப் பகுதிகள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பது அதன் சாரம்.

‘இருக்கலாம்’ என்று யார் சொல்லலாம்? நாளை மழை வரலாம் என்று ஒருவர் சொன்னால் ஏற்கிறோம். மழை அவர் கையில் இல்லை. ஆனால் இந்த வட்டைத் தயாரித்த நிறுவனம் தன் படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து, எந்த எபிசோடில் எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் பாட்டை எடுப்பது, அந்த இடத்தில் எதை வைப்பது என்று கணக்குப் பார்த்து வெட்டியிருக்கிறது. பட்டியல் அதனிடம் இருக்கிறது. தான் வெட்டியதைத் தானே ‘வெட்டப்பட்டிருக்கலாம்’ என்று எழுதி, பழைய பெயரிலேயே விற்பது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. எதை எடுத்தோம், எதை வைத்தோம் என்று எபிசோடு வாரியாக அட்டையில் அச்சிட வேண்டும். அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். இதுதான் நம் நிலைப்பாடு.

என்ன இழக்கிறோம் என்பதைப் பார்க்க ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’யைத் தவிர வேறு சான்று வேண்டியதில்லை. ஹியூ வில்சன் உருவாக்கி, 1978 முதல் 1982 வரை சிபிஎஸ்ஸில் வந்த தொடர். கதையே ஒரு ராக் வானொலி நிலையத்தில் நடக்கிறது. அந்தக் காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் கேட்ட நிஜப் பாடல்களே அந்த நிலையத்தின் ஒலிபெருக்கியில் கேட்டன. 2007-இல் முதல் சீசன் டிவிடியாக வந்தபோது அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. பல இடங்களில் ஊர் பேர் தெரியாத இசையை நிரப்பினார்கள். நிரப்ப முடியாத இடத்தில் காட்சியையே எடுத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து வான்கோழிகளைப் போடும் புகழ்பெற்ற எபிசோடில், அறிவிப்பாளர் ஜானி ஃபீவர் பிங்க் ஃபிளாய்டின் ‘டாக்ஸ்’ பாட்டைப் போட்டிருப்பார். நிலைய மேலாளர் கார்ல்சன் உள்ளே வந்து, பாட்டுக்குள் கேட்கும் நாய்க் குரைப்பைப் பற்றி விசாரிப்பார். பாட்டு இல்லையென்றால் குரைப்பு இல்லை; குரைப்பு இல்லையென்றால் கேள்விக்குப் பொருள் இல்லை. அந்த இருவரும் எவ்வளவு வேறு வேறு உலகத்து மனிதர்கள் என்பதை ஒரே நிமிடத்தில் சொன்ன காட்சி வட்டில் இல்லாமல் போனது. அது இருந்தது என்பதே புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இந்தச் சிக்கலின் வேர் பழைய ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஒரு பாட்டைக் காட்சியோடு சேர்க்க இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். பாட்டை எழுதி இசையமைத்தவர் சார்பில் அதன் உரிமையை வைத்திருப்பவர் ஒருவர். அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்குச் சொந்தமான இசை நிறுவனம் இன்னொருவர். எழுபதுகளில் இந்த அனுமதிகளை ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் வாங்கினார்கள். தொடரை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளும் காலம் வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. வீடியோ டேப்பில் எடுத்த நிகழ்ச்சிகளுக்கு இசை உரிமம் மலிவாகக் கிடைத்தது, டபிள்யூ.கே.ஆர்.பி. டேப்பில் எடுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கெடு முடிந்ததும் விலை ஏறியது. ஒரு எபிசோடில் ஏழெட்டுப் பாட்டு, இருபதுக்கு மேல் எபிசோடுகள் என்று பெருக்கினால் வரும் தொகை வட்டு விற்று வரும் லாபத்தை விழுங்கிவிடும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பாட்டு என்பது சுவருக்கு அடித்த சுண்ணாம்பு அல்ல, சுரண்டிவிட்டு வேறு நிறம் பூசுவதற்கு. ‘குவாண்டம் லீப்’ தொடரில், 1990-இல் ஒளிபரப்பான ‘எம்.ஐ.ஏ.’ எபிசோடின் முடிவை நினைத்துப் பாருங்கள். வியட்நாமில் சிறைப்பட்ட கடற்படை வீரர் அல். இறந்துவிட்டார் என்று நினைத்த மனைவி பெத், பின்னால் வேறொருவரை மணந்துகொள்கிறார். ஆண்டுகள் கழித்து அல், காலம் கடந்து, அந்தப் பழைய வீட்டுக்கு வருகிறார். உடலாக அல்ல, வெறும் ஒளி உருவமாக. மனைவி கண்ணுக்கு அவர் தெரியமாட்டார், தொடவும் முடியாது. ரே சார்ல்ஸின் ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ ஒலிக்க, அவளைத் தொடாமலே அவளோடு ஆடுகிறார். பிரிந்தவரை மறக்க முடியாத மனதைப் பாடும் பாட்டு அது. அந்தக் குரலின் இழுவைக்கு ஏற்ப நடிகரின் நடையே அமைந்திருக்கும். 2004-இல் வந்த டிவிடியில் அந்தப் பாட்டு இல்லை. வேறு ஏதோ ஒரு இசை போகிறது, அல் வேடத்தில் நடித்த டீன் ஸ்டாக்வெல் ஆடுகிறார். அவர் கேட்காத பாட்டுக்கு அவரை ஆட வைத்திருக்கிறார்கள். அந்த நடிப்புக்குச் செய்த அவமரியாதை என்றே இதைச் சொல்வோம்.

உரிமம் வாங்க முடியாத பிரபல பாடல்களோடு இது நின்றுவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 1963 முதல் 1967 வரை ஓடிய ‘தி ஃபியூஜிடிவ்’, செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றுத் தப்பியோடும் மருத்துவர் ரிச்சர்ட் கிம்பிளின் கதை. 1967 ஆகஸ்டில் வந்த கடைசிப் பகுதியை அமெரிக்காவில் ஏறத்தாழ 7.8 கோடிப் பேர் பார்த்தார்கள். அதன் பதற்றத்தில் பாதி பீட் ருகோலோவின் இசையால் வந்தது. 2008-இல் இரண்டாம் சீசனின் முதல் தொகுப்பு வெளியானபோது, பின்னணி இசை ஏறக்குறைய முழுவதும் துடைக்கப்பட்டு, சிந்தசைசரில் புதிதாகச் செய்த இசை போடப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அடியில் நாற்பது ஆண்டுகள் பிந்திய ஓசை. ரசிகர்கள் விடவில்லை. கடைசியில் பழைய இசையைப் பெருமளவு மீட்டு மாற்று வட்டுகள் தர நேர்ந்தது. முடியாது என்று சொல்லப்பட்டதில் எவ்வளவோ முடிந்தது. கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

நேர வெட்டு இன்னொரு வகை. ஒரு தொடர் முதல் சுற்று முடிந்து உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்குப் போகும்போது, விளம்பரத்துக்கு இடம் தேடி ஒவ்வொரு எபிசோடிலும் இரண்டு மூன்று நிமிடங்களை எடுத்துவிடுவது அங்கே வழக்கம். 2005-இல் ‘தி காஸ்பி ஷோ’, ‘ரோசேன்’ ஆகிய இரண்டின் முதல் சீசன்களும் இந்த வெட்டுப்பட்ட பிரதிகளிலிருந்தே டிவிடிக்கு வந்தன. காஸ்பி வட்டுகளுக்குப் பதிலாகப் பின்னர் முழுப் பிரதி கொடுக்கப்பட்டது. அரைமணி நேர நகைச்சுவையில் வெட்டுபவர் கதையைத் தாங்கும் காட்சியில் கை வைக்க மாட்டார். அவர் எடுப்பது அப்பாவும் பிள்ளையும் சும்மா பேசிக்கொண்டிருக்கும் இடத்தை, ஒரு பார்வையை, பதிலுக்கு முன் வரும் மௌனத்தை. குடும்பத் தொடர் ஒன்று குடும்பமாகத் தெரிவது அந்த இடங்களில்தான்.

‘பாட்டோடுதான் வேண்டும் என்றால் தொடரே வெளிவராது, பரவாயில்லையா?’ என்று நிறுவனங்கள் கேட்கும். நியாயமான கேள்வி. இசைக் கலைஞருக்கும் பாடலாசிரியருக்கும் கூலி கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. சில நேரம் மாற்றித்தான் வெளியிட முடியும் என்பதும் உண்மை. அப்படியானால் ‘டாரியா’வின் வழியில் செய்யட்டும். 2010-இல் அந்த எம்டிவி கார்ட்டூன் தொடர் டிவிடியாக வந்தபோது, அதன் படைப்பாளர்களில் ஒருவரான கிளென் ஐக்லர், இசை கிட்டத்தட்ட முழுவதும் மாற்றப்பட்டிருப்பதையும், உரிமச் செலவுதான் காரணம் என்பதையும் தொகுப்போடு வந்த குறிப்பில் நேராகவே எழுதினார். வாங்கியவருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஏமாந்தோம் என்ற எண்ணம் இருந்திருக்காது. பொறுத்திருந்தவர்களும் உண்டு. ‘தி ஒண்டர் இயர்ஸ்’ பாடல்களுக்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2014-இல் பெரும்பாலான பாடல்களோடு வந்தது. டபிள்யூ.கே.ஆர்.பி.யும் அதே ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் முயற்சியால் பெரும்பாலான பாடல்களைத் திரும்பப் பெற்றது.

பொழுதுபோக்குத் தொடர்களுக்கு இவ்வளவு வாதமா என்று நினைப்பவர்கள் ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ கதையைக் கேட்க வேண்டும். ஹென்றி ஹாம்ப்டன் தயாரித்து 1987-இல் பிபிஎஸ்ஸில் வந்த ஆவணத் தொடர். எம்மெட் டில் கொலை, மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு, செல்மா பேரணி என்று கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பழைய செய்திப் படங்களாலும், போராடியவர்களின் சொந்த வாய்மொழியாலும், அவர்கள் பாடிய பாட்டுகளாலும் சொன்னது. அந்தப் படச்சுருள்களுக்கும் புகைப்படங்களுக்கும் பாட்டுகளுக்கும் கையில் இருந்த பணத்துக்கு ஏற்றபடி சில ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமம் வாங்க முடிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது காலாவதியாகத் தொடங்கியது. அதன் பிறகு அதை ஒளிபரப்பவும் முடியவில்லை, புதிதாக விற்கவும் முடியவில்லை. பள்ளிகளும் நூலகங்களும் தேய்ந்த பழைய கேசட்டுகளை வைத்துச் சமாளித்தன. ஹாம்ப்டன் 1998-இல் இறந்துபோனார். ஃபோர்டு அறக்கட்டளையும் மற்றொரு கொடையாளரும் பணம் கொடுத்து உரிமங்களை மீட்ட பிறகு, 2006-இல்தான் அது மறுபடி ஒளிபரப்பானது. ஒரு நாடு தன் மனசாட்சியின் பதிவைப் பத்தாண்டுக்கு மேல் பார்க்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் தடை உத்தரவு அல்ல. கெடு போட்ட ஒப்பந்தத் தாள். அதனால்தான் சொல்கிறோம்: ஒரு படைப்பில் ஒருமுறை பணம் கொடுத்துச் சேர்த்த பாட்டும் படமும் அந்தப் படைப்பு இருக்கும்வரை அதோடு இருக்க வேண்டும். புதிய வடிவத்தில் விற்றால் விற்பனையில் ஒரு பங்கை உரிமையாளருக்குக் கொடுக்கட்டும். பேரம் படியவில்லை என்று படைப்பைக் கொத்தும் உரிமை இரு தரப்புக்கும் இருக்கக் கூடாது.

இப்போது வட்டே அருகி வருகிறது. ஓடிடியில் அட்டையும் இல்லை, பின்பக்கமும் இல்லை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் பழைய எபிசோடுகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிப் போட்டார்கள். டஃப் பீர் ஆலைக் காட்சியில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டிகள் நிற்கும். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பீர் வரும். நறுக்கிய படத்தில் குழாய் இல்லை. ஓவியர் வரைந்த கிண்டல் திரைக்கு வெளியே போய்விட்டது. எதிர்ப்புக்குப் பிறகு 2020 மே மாதம் பழைய அளவில் பார்க்கும் வசதி தரப்பட்டது. முதல் நாளே தந்திருக்கலாம்.

ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்பிட்டு, மூலத்தில் தான் ஏற்ற பாடத்தோடு மற்ற ஏடுகளில் கண்ட பிரதிபேதங்களையும் பதிப்பில் காட்டினார். ஒரு சொல் மாறினாலும் வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்ற அந்த ஒழுக்கம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலும் அது இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் வந்த திரைப்பட கேசட்டுகளின் தொடக்கத்தில், இந்தப் படம் மூல வடிவிலிருந்து மாற்றப்பட்டுள்ளது, உங்கள் திரைக்கேற்ப அளவு திருத்தப்பட்டுள்ளது என்று அறிவிப்பு வரும். கவனியுங்கள், ‘மாற்றப்பட்டுள்ளது’. இயக்குநர்கள் சண்டை போட்டு வாங்கிய வரி அது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜான் ஹ்யூஸ்டனின் கறுப்பு வெள்ளைப் படமான ‘தி அஸ்பால்ட் ஜங்கிள்’ வண்ணம் பூசி ஒளிபரப்பப்பட இருந்தபோது, அவருடைய வாரிசுகள் வழக்காடினார்கள். படைப்பின் முழுமை படைப்பாளியின் உரிமை என்று 1991-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அமெரிக்கச் சட்டம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அந்த உரிமையை 1990-இல் கொடுத்தது. திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் வெளியே நிறுத்திவிட்டது.

சட்டம் மாற நாள் ஆகலாம். அட்டையை மாற்ற நாள் ஆகாது. ‘எம்.ஐ.ஏ. எபிசோடு, கடைசிக் காட்சி: ரே சார்ல்ஸ் பாடல் நீக்கப்பட்டு வேறு இசை சேர்க்கப்பட்டுள்ளது.’ இப்படி எழுத ஒரு வரி போதும். நடிகர் படத்தை ஒரு விரற்கடை சிறிதாக்கினால் அதற்கு இடம் கிடைக்கும். ஓடிடி என்றால் எபிசோடின் பெயருக்குக் கீழேயே போடலாம்.