தல்மூத் பற்றிப் பகிருமுன்

நம் கீரனூரில் யூதக் குடும்பம் எதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் யூதர் ஒருவரை நேரில் கண்டதும் இல்லை. ஆயினும், அவர்களின் தல்மூதில் உள்ளவை என்ற பெயரில் விந்தையான வாசகங்கள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வலம் வருகின்றன. அவற்றை ஆராயாமல் பகிர்வது முஃமினுக்கு அழகன்று என்பதே நம் கருத்து.

கி.பி. 200 அளவில் ரப்பி யஹூதா தொகுத்த மிஷ்னா 63 பகுதிகளைக் கொண்டது. அதன்மீது பிற்கால அறிஞர்கள் நிகழ்த்திய விவாதங்கள் சேர்ந்ததே தல்மூத். அதில் பெரிதும் பேசப்படுவது அன்றாட வாழ்வே. உணவுக்குப்பின் முதலில் இடத்தைக் கூட்டுவதா, கை கழுவுவதா? ஷம்மாயின் வழியினர் ஒன்று கூற, ஹில்லேலின் வழியினர் மற்றொன்று கூறினர், இரண்டும் பதிவாகியுள்ளன. கண்டெடுத்த பொருளை எவ்வாறு அறிவிப்பது என்பதற்கு ஓர் அத்தியாயமே உண்டு.

சில இடங்கள் நமக்கு நன்கு பழகியவையாகத் தோன்றும். நீலத்தையும் வெள்ளையையும் கண் பிரித்தறியும் பொழுதே காலை வழிபாட்டின் தொடக்கம் என்கிறது மிஷ்னா; நோன்பு தொடங்கும் வேளைக்குத் திருக்குர்ஆன் (2:187) கூறும் வெள்ளை, கறுப்பு நூல்கள் நம் நினைவுக்கு வருகின்றன. தண்ணீர் கிடைக்காதவர் மண்ணால் கையைத் துடைக்கலாம் என்ற தல்மூத் தீர்ப்பு தயம்முமை நினைவூட்டுகிறது. ஓர் உயிரைக் கொல்வதன் கொடுமை பற்றிய கட்டளை பனூ இஸ்ராயீலுக்கு விதிக்கப்பட்டது என்று திருமறையே (5:32) அறிவிக்கிறது. அக்கருத்து மிஷ்னாவிலும் உள்ளது. இவ்வொப்புமைகளால் ஈமான் கலங்க வேண்டியதில்லை. மூஸா நபிக்கும் வேதம் அருளியவன் அல்லாஹ்வே. அவ்வுளியின் சுவடு அச்சமூகத்தின் வழக்குகளில் எஞ்சியிருப்பதில் வியப்பென்ன?

ஆனால், விவாதத்தில் எழுந்த ஒரு குரலைத் தனியே பிய்த்தெடுத்து, அதுவே அவர்களின் சட்டம் எனக் காட்டுவது அநீதி. நம் ஃபிக்ஹு நூல்களின் வரிகளைப் பிறர் அவ்வாறு பிய்த்து இகழும்போது நாம் எவ்வளவு வேதனைப்படுகிறோம்! ஒரு சமூகத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது இறைக்கட்டளை (5:8). யூதரின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அறியாமல் பேசுவது அவர்கள் காட்டிய வழியன்று.

பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை எதிர்ப்பது நம் கடமை. அதற்கு உண்மையே போதும். பொய்யின் துணை வேண்டாம். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே, மூலம் தெரியாத வாசகம் வந்தால் அதை நம்முடனேயே நிறுத்திக்கொள்வோம். நம் பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குவோம்.