பழைய பரிசல் வாங்கப் போனோம்

அந்த வருஷம் எங்கள் மல்லாங்கிணறு கண்மாயில் தண்ணீர். போதாதா! “மாப்ள, மேட்டூர்ல பழைய பரிசல் சல்லிசாம்” என்றான் ஆபீஸ் சகா. (மீன்பாசி ஏலம் எடுத்தவர் என்ன சொல்வார் என்று இருவருமே யோசிக்கவில்லை.) இரண்டு போனஸும் என் பையில்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தது. நிறைந்தால் 120 அடி. அங்கே வலை போடுவது பரிசலில்தான். மூங்கில் என்றால் விலா உளுத்திருக்கிறதா பாருங்கள். ஃபைபர் என்றால் அடிப்பக்கம். புது பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள், ஒட்டு அதற்குள் ஒளிந்திருக்கும்.

“தண்ணியில விட்டு, கல்லை ஏத்திட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க தம்பி” என்றார் பரிசல்காரர். வந்தோம். உள்ளே சொட்டு ஈரமில்லை. பணத்தை எடுத்தேன்.

“உங்க ஊர்ல எத்தனை மாசம் தண்ணி நிக்கும்?”

“மாசி வரைக்கும்...”

“அப்புறம்?”

அப்புறம் ஊரே ஊத்தாவோடு முழங்கால் சேற்றில் இறங்கிவிடும். போனஸை மறுபடி பைக்குள் வைத்தேன். சகா மட்டும் பரிசலைத் தடவிக்கொண்டே நின்றான்.