தோட்டத்துத் தட்டில் மரக்கறி: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

2024 ஜனவரியில் இலங்கைச் சந்தைகளில் ஒரு கிலோ கரட்டின் விலை 2000 ரூபாவைத் தொட்டது. அப்போது தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் தேயிலை மலையை ஒட்டிய பாத்திகளில் விளைகிற கரட்டில் ஒரு கிலோ வாங்க, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு நாள் வேலை வேண்டியிருந்தது. பிறகு விலை இறங்கிவிட்டது, செய்தித்தாள்களும் வேறு செய்திக்குப் போய்விட்டன. தோட்டத்துத் தட்டில் மட்டும் பெரிய மாற்றமில்லை. விலை ஏறுவதற்கு முன்பும் அதில் கரட் அபூர்வந்தான்.

மலையகத் தோட்டங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த இந்த அமைப்பு இது குறித்துத் தன் நிலைப்பாட்டை இங்கே தெரிவிக்கிறது. தோட்ட மக்களுக்கு மரக்கறி சாப்பிடும்படி புத்திமதி சொல்லி, சுவரொட்டி ஒட்டி, அதோடு கைகழுவிவிடும் பிரசாரத்தை இந்த அமைப்பு ஆதரிக்காது. பழமும் மரக்கறியும் சம்பளத்தோடும் காணியோடும் சேர்த்துப் பேச வேண்டியவை.

உடலுக்கு இவை செய்யும் நன்மையில் சந்தேகத்துக்கு இடமில்லை. பெரியவர் ஒருவர் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 250 கிராம், ஆறு முதல் ஒன்பது வயது வரை 350 கிராம். 1997இல் அமெரிக்காவில் வெளியான டேஷ் ஆய்வில், உப்பின் அளவை மாற்றாமல் பழத்தையும் மரக்கறியையும் மட்டும் கூட்டியபோதே இரத்த அழுத்தம் குறைந்தது. இருதய நோயும் பக்கவாதமும் சில வகைப் புற்றுநோய்களும் இவற்றை நிறைய உண்பவர்களிடையே குறைவு என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பிணித் தாய்க்கு வேண்டிய ஃபோலேட், பிள்ளையின் கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ, மலச்சிக்கலைத் தடுக்கும் நார்ச்சத்து எல்லாம் கீரையிலும் காயிலும் இருக்கின்றன.

அந்த 400 கிராமில் உருளைக்கிழங்கு சேராது. தோட்டத்தில் மரக்கறி சமைத்தேன் என்று ஒருவர் சொன்னால், அது பல நாட்களில் உருளைக்கிழங்குக் கறியாகத்தான் இருக்கும்.

காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் போகும் முன் கட்டிக்கொண்ட பொட்டலத்தை மலையில் பத்து மணிக்குப் பிரித்தால், கோதுமை மா ரொட்டி இரண்டும் தேங்காய்ச் சம்பலும் இருக்கும். பக்கத்தில் போத்தலில் சாயத்தண்ணி, அதாவது வெறுந்தேநீர். ரொட்டி மலிவு, வயிறு நிறையும், மதியம் வரை பசி தாங்கும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1973, 74 பஞ்சத்தில் அரிசி கிடைக்காமல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் அவர்களுக்குக் கைகொடுத்தது இறக்குமதிக் கோதுமை மா. மூன்று தலைமுறையாக உயிரைப் பிடித்துவைத்த உணவை ஒரு துண்டுப்பிரசுரத்தால் மாற்றிவிட முடியாது.

ஆனாலும் அந்த உணவின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 வீதம், பெருந்தோட்டத் துறையில் 32 வீதம். இதற்கு மரக்கறிக் குறைவு மட்டுமே காரணமென்று சொன்னால் அது மிகை. புரதக் குறைவு, சுத்தமில்லாத தண்ணீர், லயம் எனும் வரிசை வீடுகளின் நெருக்கடி, தாயின் இரத்தசோகை எல்லாம் அதில் உண்டு.

இரத்தசோகையைப் பேசும்போது தேயிலையையும் பேசியே ஆக வேண்டும், தேயிலைத் தோட்டத்தில் இது சங்கடமான பேச்சுத்தான் என்றாலும். 1975இல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, பாணோடும் உருளைக்கிழங்கு, வெங்காயச் சூப் சேர்த்த சோற்றோடும் தேநீர் குடித்தால் உடல் ஏற்கும் இரும்புச்சத்து வெகுவாகக் குறைவதைக் காட்டியது. தேயிலையின் துவர்ப்புச் சத்து தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. விற்றமின் சி அந்த இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. ஆகவே சாப்பாட்டுக்கும் சாயத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுவது செலவில்லாத மருந்து. கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிவது நம் பாட்டிமார் செய்து வந்ததுதான், அதை விடாமலிருந்தால் போதும். தோடம்பழம் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. கொய்யாவில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது.

பாட்டிமார் சமைத்ததில் இன்னும் பல விட்டுப்போயின. பீட்ரூட் இலை, நோக்கோல் இலை, பூசணிக் கொழுந்து, லயத்துக் கூரையில் படரும் சவ்சவ்வின் தளிர், நீர்க்கரை வல்லாரை எல்லாம் சுண்டலுக்கு ஆகும். லொறியில் ஏற்றும் முன் பாத்தியோரத்தில் வெட்டி எறியும் இலையில் ஒரு நேரக் கறி இருக்கிறது. மருந்தடித்த தோட்டமென்றால் அதன் கீரையை எடுக்கக்கூடாது. மருந்தடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று போத்தலில் எழுதியிருப்பதை நம் விவசாயிகளில் பலர் பொருட்படுத்துவதில்லை. சந்தை விலை ஏறும் வாரத்தில் சொல்லவே வேண்டாம். விவசாயத் திணைக்களம் இதைக் கண்காணிக்க வேண்டும், காகிதத்தில் மட்டுமல்ல.

இனிக் கணக்குக்கு வருவோம். தாய், தந்தை, எட்டு வயதில் ஒன்றும் நான்கு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இவர்களுக்கு நாளுக்கு 1400 கிராம், மாதத்துக்கு 42 கிலோ வேண்டும். கிலோ 300 ரூபா என்று மலிவாகவே வைத்தாலும் 12,600 ரூபா. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒருவரின் ஒன்பது நாட்சம்பளத்துக்கு மேல் மரக்கறிக்கும் பழத்துக்கும் மட்டும் போகும். அரிசி, மா, எண்ணெய், பருப்பு, பிள்ளையின் பஸ் காசு வேறு. கொழுந்து குறைந்து, அரைநாள் சம்பளம் மட்டும் கிடைக்கும் அரைப்பேர் விழுந்த நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. இதைத் தெரிந்துகொண்டே தோட்டத் தாய்க்குப் போஷாக்கு வகுப்பு எடுப்பது அவளைக் குற்றவாளியாக்கும் வேலை என்றே இந்த அமைப்பு கருதுகிறது.

வாங்க முடியாததை விளைவிக்கலாம், மண் இருந்தால். லயத்துக்குப் பின்னால் போஞ்சி, கோவா, லீக்ஸ் போட்டுவரும் குடும்பங்கள் பல உண்டு. ஆனால் அந்த மண் அவர்களுடையதென்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பின்பும் இந்த நிலைமை அப்படியே இருக்கிறது. நிர்வாகம் நினைத்தால் பாத்தியில் தேயிலை நடலாம். நாளை பிடுங்கப்படலாம் என்ற பயத்தில் யாரும் கொய்யாக் கன்று வைக்க மாட்டார்கள், அது காய்க்கச் சில வருடம் பிடிக்கும். தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. அது ஏறக்குறைய 1900 சதுர அடி. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு குடும்பத்தின் கீரைத் தேவையில் பெரும்பங்கை எடுக்கலாம். லயத்தில் இருப்போருக்கும் அந்த அளவு மண் எழுத்தில் உறுதியாக வேண்டும் என்பது இந்த அறிக்கையின் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை பிள்ளைக் காம்பராக்களைப் பற்றியது. தாய் மலைக்குப் போன பிறகு பிள்ளை பகல் முழுக்க இருக்கும் இடம் அது. அங்கே கொடுக்கும் உணவில் தினமும் ஒரு கீரையும், வாரத்தில் மூன்று நாளாவது ஒரு பழமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அவற்றை அந்தந்தத் தோட்டத்து வீட்டுப் பாத்திகளிலிருந்தே விலைகொடுத்து வாங்க வேண்டும். பிள்ளைக்குச் சாப்பாடும் கிடைக்கும், பாத்தி வைத்த பெண்ணுக்குக் கையில் நாலு காசும் வரும். திரிபோஷா சத்துமா மட்டும் போதும் என்று அதிகாரிகள் நினைப்பதை இந்த அமைப்பு ஏற்கவில்லை.

மூன்றாவது கோரிக்கை சம்பளத்தைப் பற்றியது. சம்பள நிர்ணய சபை அடுத்த முறை கூடும்போது, தொழிற்சங்கங்கள் தேயிலை ஏல விலையோடு, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாச் சந்தைகளின் ஒரு வருட மரக்கறி விலைப்பட்டியலையும் மேசையில் வைக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க இந்த அமைப்பின் உறுப்பினர்கள் எந்தச் சங்கத்துக்கும் கட்சி பாராமல் உதவுவார்கள்.