அன்னபூரணியை அகற்றியவர்கள் பதில் சொல்லட்டும்

திரையில் ஒரு பெண் இறைச்சி சமைத்தாள். அதற்காக ஒரு முழுப் படமே பறிக்கப்பட்டது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. தணிக்கை வாரியம் சான்றிதழைத் திரும்பப் பெறவில்லை. படத்தைக் காக்க வேண்டியவர்களே அதைத் தூக்கிக் கொடுத்தார்கள். பார்வையாளர்களுக்கு அவர்கள் இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

நடந்ததைப் பதிவு செய்வோம். மறதி அவர்களுக்குத் துணை போகக் கூடாது.

நிலேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அன்னபூரணி' 2023 டிசம்பர் 1ஆம் தேதி திரையரங்குகளுக்கு வந்தது. நயன்தாராவுக்கு அது 75ஆவது படம். திருவரங்கம் கோயிலில் பிரசாதம் சமைப்பவரின் மகள் பெரிய சமையல் கலைஞராக ஆசைப்படுகிறாள். வீட்டுக்குத் தெரியாமல் இறைச்சி சமைக்கக் கற்கிறாள். சுவையும் பார்க்கிறாள். தோழன் ஃபர்ஹான் துணை நிற்கிறான். இறுதிப் போட்டியில் தொழுதுவிட்டுப் பிரியாணி செய்கிறாள். கதை இதுதான்.

தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதைக் காட்டின. அந்த வாரம் வந்த மிக்ஜாம் புயல் வசூலைக் கெடுத்தது. பிடித்தவர்கள் பார்த்தார்கள். பிடிக்காதவர்கள் போகவில்லை. எந்த ஊரும் பற்றி எரியவில்லை.

டிசம்பர் 29ஆம் தேதி படம் நெட்பிளிக்ஸுக்கு வந்தது. பிறகுதான் மும்பையில் காவல்துறைக்குப் புகார் போனது. விசுவ இந்து பரிஷத் களத்தில் இறங்கியது. சில நாட்களில் படம் காணாமற் போனது. இணைத் தயாரிப்பாளரான ஜீ ஸ்டூடியோஸ் அந்த அமைப்புக்கே வருத்தக் கடிதம் எழுதியது. ஜனவரி 18ஆம் தேதி நயன்தாராவின் மன்னிப்பு அறிக்கை வந்தது. அதன் தலைப்பில் 'ஜெய் ஸ்ரீராம்' என்று இருந்தது. நான்கு நாள் கழித்து அயோத்திக் கோயில் குடமுழுக்கு. அந்த அறிக்கை எந்தச் சூழலில் கையெழுத்தாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ரசிகர் மனம் புண்பட்டது என்றார்கள். எந்த ரசிகர்? திரையரங்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவரா? அவர் புகார் கொடுக்கவில்லை. அவர் பெயரை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நயன்தாரா மீது மக்களுக்கு ஒரு பிம்பம் உண்டு. அதை மறுக்கவில்லை. 2011இல் 'ஸ்ரீராம ராஜ்ஜியம்' தெலுங்குப் படத்தில் சீதையாக நடித்தார். அவர் சீதையாவதா என்று அன்றும் எதிர்ப்பு எழுந்தது. அதே வேடம் அவருக்கு ஆந்திர அரசின் நந்தி விருதைப் பெற்றுத் தந்தது. 2020 தீபாவளிக்கு மூக்குத்தி அம்மனாக வந்தார். வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு பார்த்தோம். அந்த முகத்தை அம்மனாகக் கண்ட ஒருவருக்கு, அதே முகம் கோழிக்கறியைச் சுவைப்பது உறுத்தலாம். உறுத்தட்டும். அது ரசிகரின் உரிமை. அவர் படத்தை நிறுத்தலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பார்க்காதே என்று சொல்லலாம். கடுமையாக விமர்சிக்கலாம். நடிகையை இனிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்யலாம்.

பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கக் கூடாது என்று காவல்நிலையம் போக அவருக்கு உரிமையில்லை. அப்படிப் போனவருக்குப் பணிய நிறுவனத்துக்கும் உரிமையில்லை.

தமிழ் ரசிகருக்குப் பிம்பம் உடைவது புதிதல்ல. 1954இல் ஏவி.எம்.மின் 'அந்த நாள்' வந்தது. எஸ். பாலசந்தர் இயக்கம். ஒரு பாட்டும் இல்லை. 'பராசக்தி' நாயகன் சிவாஜி கணேசன் அதில் ஜப்பானுக்கு ரகசியம் விற்கும் தேசத் துரோகி. கட்டிய மனைவியே அவரைச் சுட்டுக் கொல்கிறாள். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து செத்தவர்களைப் புதைத்த ஊர், நாம் வாழும் மலேசியாவின் பினாங்கிலுள்ள இந்த ஜார்ஜ்டவுன். அத்தகைய துரோகியை நாயகனாகக் காட்டுவதை வெறுக்க இவ்வூருக்கு எல்லாரையும்விட அதிகக் காரணம் இருந்தது. படம் வசூலில் தோற்றது. ஆனால் அழிக்கப்படவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்று பெற்றது. இன்று தமிழ்த் திரையின் பெருமைகளைச் சொல்லும்போது முதலில் வரும் பெயர்களில் அது ஒன்று. 1962இல் 'பாசம்' படத்தின் முடிவில் எம்.ஜி.ஆர். இறந்தார். ரசிகர்கள் ஏற்கவில்லை. தங்கள் தலைவர் சாகக் கூடாது என்று வருந்தினார்கள். வருத்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள். படம் நமக்கு மிஞ்சியது.

அன்று ரசிகர் கோபித்தார், படம் பிழைத்தது. இன்று ரசிகர் பேசாமல் இருந்தார், படம் போனது. இந்தத் தலைகீழுக்கு யார் பொறுப்பு?

முதல் பொறுப்பு நெட்பிளிக்ஸுடையது. உரிமம் தந்தவர் கேட்டார், எடுத்துவிட்டோம் என்பது அதன் விளக்கம். இது பதிலல்ல. சந்தா கட்டுபவர்கள் உரிமம் தந்தவரிடம் கட்டவில்லை. அந்நிறுவனத்திடம் கட்டுகிறார்கள். மும்பைக் காவல்நிலையப் புகாருக்கும் பினாங்கில் இருக்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு? மலேசியாவில் யாரும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் இங்குள்ள வரவேற்பறையிலும் படம் இல்லாமற் போனது. பிறகு வேறு தளங்களில் அது தலைகாட்டியது, வெட்டுப்பட்ட வடிவிலும். அகற்றியவர்களுக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை.

முடியாது என்று ஒரு தளம் சொல்ல இயலாதா? இயலும். 2021இல் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவத்தில் சமந்தா ஈழப் போராளியாக நடித்தார். துறுதுறுப்பான காதலியாக மட்டுமே அவரைப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். ஈழத்தமிழரை இழிவுபடுத்துகிறது என்று தமிழர்கள் கொதித்தார்கள். கொதிப்புக்குக் காரணம் இருந்தது. தமிழ்நாடு அரசே ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதித் தடை கேட்டது. அமேசான் தொடரை வெளியிட்டது. எதிர்த்தவர்கள் பார்த்துவிட்டு எதிர்த்தார்கள். வாதம் நடந்தது. ஒரு மாநில அரசின் கடிதத்துக்கு ஒரு நிறுவனம் நின்றது. ஓர் அமைப்பின் மிரட்டலுக்கு மற்றொன்று விழுந்தது.

இரண்டாவது பொறுப்பு ஜீ ஸ்டூடியோஸுடையது. அந்நிறுவனத்துக்குச் சட்டம் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989இலேயே இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்ப்பாட்ட மிரட்டலைக் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை நசுக்கக் கூடாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிப்பது அரசின் கடமை. 2010 ஏப்ரல் 28ஆம் தேதி குஷ்புவுக்கு எதிரான வழக்குகள் அனைத்தையும் அதே நீதிமன்றம் ரத்துச் செய்தது. ரசிகர்கள் கோயில் கட்டிய நடிகை அவர். 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்பும் தூக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பாய்ந்தன. நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தார். ஐந்தாண்டு போராடினார். வென்றார்.

ஒரு தனிப்பெண் ஐந்தாண்டு நின்ற இடத்தில் ஒரு பெருநிறுவனம் ஒரு மாதம் நிற்கவில்லை. அதனிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். பணம் இருந்தது. இரண்டு தீர்ப்புகள் இருந்தன. மனம்தான் இல்லை.

முன்னே தள்ளப்பட்டது நடிகைதான். திரையில் நூறு பேரை வெட்டிச் சாய்க்கும் நாயகனிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் கேட்பதில்லை. அடுப்படியில் நின்ற பெண்ணிடம் கேட்டார்கள். அம்மனாக நடித்தவள் அம்மனாகவே இருக்க வேண்டும் என்றார்கள். 'அன்னபூரணி' வருவதற்குச் சரியாக எட்டு நாள் முன்பு, நவம்பர் 23ஆம் தேதி, கேரளத்தில் 'காதல் – தி கோர்' வெளியானது. மம்மூட்டி தன் சொந்தத் தயாரிப்பில் ஓர்பால் ஈர்ப்புள்ள கணவனாக நடித்தார். எழுபதைத் தாண்டிய உச்ச நட்சத்திரம் அவர். முணுமுணுப்பு எழுந்தது. கேரள மக்கள் படத்தைப் பார்த்தார்கள். மாநில அரசின் சிறந்த பட விருது அதற்குக் கிடைத்தது. தயாரிப்பவர் நின்றால் ரசிகரும் நிற்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பினாங்கு இதைச் சொல்லத் தகுதியுள்ள ஊர். இவ்வூரின் பெயரை உலகுக்குக் கொண்டுபோன நாசி கண்டார், தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சுமந்து விற்ற சோறு. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டுக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் நடந்து போய்ச் சாப்பிடுகிறவர்கள் நாம். யார் கையில் சமைத்தது, எந்தச் சாமியைக் கும்பிட்டுச் சமைத்தது என்று கேட்டு இங்கே யாரும் தட்டைத் தள்ளுவதில்லை. சைவம் சாப்பிடுபவர் சைவக் கடைக்குப் போகிறார். ஃபர்ஹானும் அன்னபூரணியும் இவ்வூரில் வளர்ந்திருந்தால் அது கதையே ஆகியிருக்காது. அப்படிப்பட்ட ஊருக்கு அந்தப் படம் ஆகாது என்று வேறு எங்கோ இருந்துகொண்டு முடிவெடுத்தார்கள்.

வெளியூரை மட்டும் கண்டித்து முடிக்க முடியாது. நம் வீட்டிலும் குற்றம் இருக்கிறது.

2016 ஜூலை 22ஆம் தேதி 'கபாலி' வந்தது. பா. இரஞ்சித் இயக்கம். மலேசியத் தோட்டத் தொழிலாளர் வாழ்விலிருந்து எழுந்த கதை. நம் மண்ணில் படமாக்கப்பட்டது. ரஜினிகாந்த் தன் வயதுக்கேற்ற வேடத்தில் நரைத்த தாடியோடு வந்தார். தலைவர் தோற்கமாட்டார் என்ற பிம்பத்தை இயக்குநர் கடைசி நொடியில் உடைத்தார். துப்பாக்கி வெடிக்கும் ஓசையோடு படம் முடிந்தது. யார் சுடப்பட்டார் என்று சொல்லாமலே முடிந்தது. சென்னையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். யாருடைய கதையோ அந்த மலேசியத் தமிழருக்கு வேறு முடிவு காட்டப்பட்டது. கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற வாசகம் திரையில் ஒட்டப்பட்டது.

இந்நாட்டுத் தமிழ் ரசிகருக்குப் புரியாது என்று முடிவு செய்தது யார்? துப்பாக்கி ஓசையைக் கேட்டுவிட்டு நம் இளைஞர் குண்டர் கும்பலில் சேர்ந்துவிடுவார் என்று கணித்தது யார்? கும்பல்களுக்கு இளைஞர் ஏன் போகிறார்கள் என்பதைப் படம் இரண்டரை மணி நேரம் சொன்னது. வேலை இல்லை, தோட்டம் போனது, மதிப்பு இல்லை என்று சொன்னது. அதற்குப் பதில் தராதவர்கள் கடைசிக் காட்சிக்கு மட்டும் பதில் எழுதினார்கள். கலைஞரின் முடிவை மாற்றுவது தணிக்கை அல்ல. அது புனைவு.

உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம் இதற்கு விளக்கம் தர வேண்டும். வெட்டினால் வெட்டினோம் என்று அறிவிக்க வேண்டும். வாசகம் சேர்த்தால், டிக்கெட் விற்கும் முன்பே அதைச் சொல்ல விநியோகிப்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டும். 'கபாலி'யின் அசல் முடிவை மலேசியத் திரையில் ஒரு முறையாவது காட்ட அனுமதிக்க வேண்டும். நம் பெயரால் பேசும் கலை அமைப்புகளும் மலேசிய நாடாளுமன்றத்தின் இந்திய உறுப்பினர்களும் இதை எழுத்தில் கேட்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகக் கேட்காதது அவர்களுடைய தவறு.

நெட்பிளிக்ஸுக்குக் கோரிக்கை இரண்டு. 'அன்னபூரணி'யை எடுக்கும் முடிவை எந்தப் பொறுப்பில் இருப்பவர் எந்த நாளில் எடுத்தார் என்று வெளியிடுங்கள். வெட்டாத படத்தை மீண்டும் வையுங்கள். உரிமை உங்களிடம் இல்லையென்றால் அதைப் பெற முயன்றீர்களா என்றாவது சொல்லுங்கள்.

ஜீ ஸ்டூடியோஸ் ஒரு கடிதம் எழுதியது. முகவரி தவறானது. அது இரண்டாவது கடிதம் எழுத வேண்டும். நிலேஷ் கிருஷ்ணாவுக்கும் நயன்தாராவுக்கும், திரையரங்குக்கு வந்து அமைதியாகப் பார்த்துவிட்டுப் போன ரசிகர்களுக்கும் எழுத வேண்டும்.