கொல்லன் கொட்டிலும் கற்றோர் மேடையும்

கத்தி செய்வதும் ஒரு பொழுதுபோக்கா என்று முகம் சுளிப்போர் உளர். அஞ்சல்தலை திரட்டுவது பொழுதுபோக்கு. பூச்செடி வளர்ப்பது பொழுதுபோக்கு. நெருப்பையும் இரும்பையும் நாடிச் சென்று உடலெல்லாம் கரி பூசிக்கொள்வது எவ்வகைப் பொழுதுபோக்கு என்பது அவர்தம் வினா. அவ்வினாவில் அறியாமை உண்டு, ஏளனமும் உண்டு. அறியாமையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏளனம் கற்றவர் வாயிலிருந்து, அதிலும் தமிழ் கற்றவர் வாயிலிருந்து வரும்போதுதான் வழக்காட வேண்டியதாகிறது.

அமெரிக்க நாட்டில் 'ஹேமர்-இன்' என்றொரு வழக்கம் உண்டு. சுத்தியல் பிடிப்போர் ஒன்றுகூடுதல் என்பது அதன் பொருள். பெரிய சங்கங்கள் முறையாக நடத்தும் கூட்டங்களும் அப்பெயரால் வழங்குகின்றன. ஆயினும் அதன் உயிர் இருப்பது வீட்டுப் பின்புறக் கொட்டகையில்தான். ஒருவரிடம் சிறிய எரிவாயு உலையும் ஒரு பட்டடையும் இருக்கும். சனிக்கிழமை காலையில் அறிந்தவர் சிலர் வருவர். அவர்கள் அழைத்து வந்த அறியாதவர் சிலரும் உடன் வருவர். ஒருவர் பள்ளியாசிரியர், ஒருவர் தச்சர், ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் பணி ஓய்வு பெற்றவர். வரவேற்புரை இல்லை, தலைமையுரை இல்லை, உணவை ஆளுக்கொன்றாகக் கொண்டு வந்து பகிர்ந்துகொள்கின்றனர். பழைய லாரியின் வில்தகடு ஒன்று உலைக்குள் போகிறது. அன்றைய பாடம் அங்கே தொடங்குகிறது.

அப்பாடத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். தட்டிச் சீராக்கி அரத்தால் வடிவம் கொடுத்த இரும்புத் தகடு இன்னும் கத்தியாகவில்லை. கத்தி வடிவில் உள்ள தகடு, அவ்வளவே. அதனைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சிக் காந்தத்தை அருகில் கொண்டுசெல்கின்றனர். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தைக் கைவிடும். பட்டறையில் வெப்பமானி இல்லாதவனுக்கு இயற்கை காட்டும் அடையாளம் அது. அதற்கும் சற்று மேலே ஏற்றி, உரிய கணத்தில் எடுத்து எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். அமிழ்த்திய சில நொடிகளில் உருக்கின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. வெளியே எடுத்தபின் அரத்தை வைத்து இழுத்தால் பல் பற்றாமல் வழுக்கும். பதமேறியதற்கு அதுவே சான்று. ஆனால் அந்நிலையில் கத்தி கண்ணாடி போல் நொறுங்கும். எனவே ஏறத்தாழ 200 பாகைச் சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்து அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்கின்றனர். அதற்குப் பலர் பயன்படுத்துவது ரொட்டி சுடும் வீட்டு அடுப்பையே. இளவைக்கோல் நிறம் படர்ந்தால் வேலை முடிந்தது.

எண்ணெயில் அமிழ்த்தும்போது சில வேளைகளில் 'டிங்' என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கும். கொட்டகையில் அனைவரும் ஒரு கணம் அமைதியாவர். கத்தி வெடித்துவிட்டது; பத்து மணி நேர உழைப்பு போயிற்று. அதன்பின் நிகழ்வதுதான் இக்கட்டுரையின் கருப்பொருள். வெடித்த கத்தியை அவர்கள் மறைப்பதில்லை. அதனை மேசைமேல் வைத்து எல்லாரும் குனிந்து பார்க்கின்றனர். விளிம்பைக் கூடுதலாக மெலிதாக்கிவிட்டாயா? சூடு மிஞ்சிப்போயிற்றா? அரத்தின் கீறலை நீக்காமல் விட்டாயா? உடைத்துப் பார்த்து, உடைந்த முகத்தின் மணிகள் பருமையா நுண்மையா என்று ஆராய்கின்றனர். முந்தைய வாரங்களில் வீட்டில் உடைந்தவற்றையும் சிலர் பையில் போட்டுக் கொண்டு வந்திருப்பர். தோல்வியைப் பையில் போட்டுக்கொண்டு பிறர் வீட்டுக்குச் செல்லும் பழக்கம் கற்றோர் உலகில் எத்தனை பேரிடம் உண்டு?

இவ்வியக்கத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. உலையில் அடித்துக் கத்தி செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் அருகிப்போயிருந்தது; தகட்டை வெட்டித் தேய்த்துக் கத்தியாக்கும் முறையே மேலோங்கி நின்றது. மேரிலாந்து மாநிலத்துக் கத்திக் கலைஞர் வில்லியம் மோரான், இரும்பு அடுக்குகளைப் பற்றவைத்து அலைபோன்ற வரிகள் தோன்றச் செய்த கத்திகளை 1973இல் கத்திக் கலைஞர் கழகத்தின் கண்காட்சியில் வைத்தார். அரிய நுட்பத்தைக் கண்டுகொண்ட எவரும் அதனைப் பூட்டி வைத்துப் பணமாக்கவே நினைப்பர். அவரோ, செய்முறையை விளக்கிய சிறுநூலை வந்தவர்க்கு இலவசமாக வழங்கினார். 1976இல் அவரும் நண்பர்களும் நிறுவிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் கழகம் இன்று தேர்வுகள் நடத்துகிறது. அத்தேர்வு எத்தகையது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்துகொள்வது நல்லது.

தேர்வுக்கு வருபவர் தாமே அடித்த கத்தியால் தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பின்னர் அதே கத்தியால் இரண்டங்குலம் தடிப்பும் நான்கங்குலம் அகலமும் உள்ளதெனப் பெயர்பெற்ற மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அவ்வளவு வெட்டிய பின்னும் அக்கத்தி கைமயிரை மழிக்க வேண்டும். இறுதியில் அதனைப் பிடிகருவியில் இறுக்கித் தொண்ணூறு பாகை வளைப்பர். முறிந்தால் தேர்வு போயிற்று. தேறினாலும் கத்தி பாழ்தான். தாம் செய்த பொருளைத் தம் கையாலேயே அழித்துக் காட்டியவர்க்குத்தான் பட்டம். பொன்னாடையும் மாலையும் பாராட்டுரையும் நிறைந்த தமிழ் மேடையில், தம் நூலைக் கொண்டு வந்து இது எங்கே முறியும் என்று வளைத்துப் பாருங்கள் என வேண்டிய எழுத்தாளர் எத்தனை பேர்? நூல் வெளியீட்டு விழா என்னும் பெயரில் அந்நூலைத் தவிர மற்றெல்லாவற்றையும் பேசிக் கலைவதன்றோ வழக்கமாகிவிட்டது!

இதெல்லாம் அமெரிக்கர் கதை, தமிழர்க்கு இதனோடு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு, அது தமிழர்க்குப் பெருமை தருவதோடு நாணத்தையும் தருவது. மேலைநாட்டார் 'ஊட்ஸ்' என்று அழைத்த உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசையில் வார்க்கப்பட்டது. அச்சொல் கன்னட 'உக்கு' என்பதன் திரிபு என்பர். தமிழின் 'உருக்கு' அதற்கு இனமான சொல். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகளின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1795இல் லண்டன் அரச கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் ஊட்ஸ் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னாளில் மைக்கேல் ஃபாரடே அதன் மறைபொருளைத் தேடினார். மின்னியலின் தந்தை எனப் பாடநூல் போற்றும் அவர் ஒரு கொல்லரின் மகன். அவ்வாய்வில் அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கத்தியும் அறுவைக் கருவியும் செய்து விற்றவர். பேரறிஞன் கத்திக்காரனோடு சமமாக நின்று வேலை செய்ததை அந்நாடு இழிவாகக் கருதவில்லை.

பிறகு உலைகள் அணைந்தன. மலிவாக வந்திறங்கிய ஐரோப்பிய இரும்பும், கரிக்கு மரம் வெட்ட வனச் சட்டங்கள் விதித்த தடையும் அவற்றை அணைத்தன. ஆட்சியாளரைக் குறைகூறுவது எளிது, குறைகூறவும் வேண்டும். ஆனால் அவ்வறிவைத் தமிழில் எவரேனும் விரிவாக எழுதி வைத்தனரா? குடிவழியாகக் காக்கப்பட்டது, குடிவழியோடே மறைந்தது. ஏடெழுதத் தெரிந்தவன் உலைக்களத்தில் கால் வைக்கவில்லை. உலைக்களத்தில் நின்றவன் கையில் எழுத்தாணியை எவரும் தரவில்லை.

அதனை மீட்டெடுத்தவர் யார்? ஃபுளோரிடா மாநிலத்தில் குதிரைக்கு லாடம் அடித்து வாழ்ந்த ஆல்ஃப்ரெட் பென்ட்ரே என்பவர் ஒருவர்; ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்கோவன் மற்றொருவர். லாடக்காரர் தம் பட்டறையில் வார்ப்பதும் அடிப்பதும், பேராசிரியர் ஆய்வகத்தில் வெட்டிப் பார்ப்பதும் எனப் பல ஆண்டுகள் இருவரும் உழைத்தனர். அவ்வுருக்கின் வரியழகுக்கு, இரும்போடு மிகமிகச் சிற்றளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களும், மீண்டும் மீண்டும் காய்ச்சி அடிக்கும் முறையும் காரணம் என்று 1998இல் கட்டுரை வெளியிட்டனர். மோரானின் அடுக்கிரும்பு வேறு, வார்ப்புருக்காகிய ஊட்ஸ் வேறு என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். இரண்டையும் 'டமாஸ்கஸ்' என்னும் ஒரே பெயரால் குழப்புவோர் மிகுதி. ஆனால் இரண்டிலும் கதவைத் திறந்தது வீட்டுக் கொட்டகையே.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டரசு இரும்பின் தொன்மை பற்றி அறிக்கை வெளியிட்டது. சிவகளை முதலிய இடங்களின் காலக்கணிப்பு கி.மு. நான்காம் ஆயிரமாண்டுவரை செல்கிறது என்ற செய்தி கடல் கடந்தும் கொண்டாடப்பட்டது. கொண்டாடியது தவறன்று. ஆயினும் இரும்புக்கும் உருக்குக்கும் வேறுபாடு யாது என்று கொண்டாடியவரைக் கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவர்? ஐயாயிரம் ஆண்டுப் பெருமையைத் தோளில் சுமப்பவன் வீட்டில் தக்காளி நறுக்கும் கத்தி மழுங்கிக் கிடக்கிறது. அதனைத் தீட்டத் தெரியாமல் புதியது வாங்குகிறான்.

வகுப்பறையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளங்காளை என ஐவர்க்கும் கடமை வகுக்கிறார். பெற்றோர்க்கும் வேந்தனுக்கும் நடுவே கொல்லனை வைத்தார் அப்பெண்பாற் புலவர். தாயின் கடமைக்கு அரைமணி நேர விளக்கமும் வீரனின் கடமைக்கு உணர்ச்சிப் பேருரையும் கிடைக்கும் வகுப்பில், கொல்லனின் அடி 'வேல் செய்து தருதல்' என்னும் உரையோடு கடந்து போகிறது. அவ்வடியில் அவர் ஆண்ட 'வடித்தல்' என்னும் சொல்லுக்குள் காய்ச்சலும் தட்டலும் தீட்டலும் இருக்கின்றன என்று சொல்ல ஆசிரியர்க்கும் தெரிவதில்லை. 95ஆம் பாடலில் ஔவையார், அணி செய்து அரண்மனையில் வைத்த தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் பழித்து, நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கும் அதியமானின் வேல்களை உயர்த்துகிறார். அதனை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்வித்தாயிற்று. முறிந்த கருவியையும் அது கிடக்கும் கொட்டிலையும் அவர் ஏன் மேலாகக் கண்டார் என்பதைக் கேட்பாரில்லை. தோய்ச்சல், துருத்தி, குறடு, பட்டடை, சம்மட்டி ஆகியவை அகராதியில் உறங்கும் சொற்களாகிவிட்டன. துருத்தியைப் படமாகக்கூடக் காணாத மாணவன் அதன் பொருளை எழுதி இரண்டு புள்ளி பெறுகிறான்.

கத்தி என்றாலே வெட்டும் குத்தும்தான், பிள்ளைகளிடம் அப்பேச்சே வேண்டாம் என்பது மறுப்பாளர் கையிலுள்ள வலிய வாதம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழிளைஞர் சிலர் குண்டர் கும்பல்களில் சிக்கிய துயரத்தை அறிந்தவர் எவரும் இவ்வச்சத்தை நகைத்துத் தள்ளமாட்டார். தக்க காரணமின்றிப் பாராங்கத்தியைப் பொதுவிடத்தில் ஏந்திச் செல்வதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியதும் முறையே. ஆனால் கடையில் விற்கும் பாராங்கத்தியை வாங்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு உலையோடு உறவில்லை. அவன் கையிலிருப்பது தான் உழைத்துச் செய்த பொருளன்று. கருவியைப் பற்றிப் பேசாமல் விட்டால் அதனைப் பற்றி அவனுக்குக் கற்பிக்கும் உரிமை திரைப்படத்துக்கும் தெருவுக்கும் போய்ச் சேருகிறது. ஆசிரியர் வாய் மூடியதால் எந்தக் கத்தியும் உறைக்குள் போகவில்லை.

வசதி படைத்தவர் விளையாட்டு இது என்பது மற்றொரு குறை. அதில் உண்மையுண்டு. தேய்க்கும் இயந்திரத்தின் விலை எளியவர்க்கு எட்டாது. கூட்டங்களில் பெண்கள் அரியர். விலையுயர்ந்த கத்திகளைப் பேழையில் பூட்டி வைக்கும் சேகரிப்பாளரின் வீண்பெருமையும் அங்கே நுழைவதுண்டு. முகமூடி அணியாமல் தூசியை உள்ளிழுத்து நுரையீரலைக் கெடுத்துக்கொள்ளும் மூடத்தனத்தையும் எவரும் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் கொள்ளத்தக்கது இயந்திரமன்று. தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கட்டணமின்றிக் காட்டுவதும், உடைந்ததை நடுவில் வைத்துப் பேசுவதுமே.

அதற்கு அமெரிக்கா செல்ல வேண்டியதுமில்லை. தீபகற்ப மலேசியாவின் கித்தாத் தோட்டங்களில் வளர்ந்த தமிழர் குடும்பங்கள் கத்தியால் வாழ்ந்தவை. விடியுமுன், மரத்தில் பால் அழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில், சாய்வாக மென்பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும்; கூடினால் உள்ளே வளரும் படலம் புண்பட்டு மரம் முடிச்சுவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவிலான அச்சீவலை மங்கிய விளக்கொளியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்த பெண்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் தம் கத்தியைத் தாமே தீட்டினர். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, வீட்டுமனைகளாயின. அவர்கள் நகர்ப்புற அடுக்குவீடுகளில் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் நாட்டுப்புறப் பாடல் கேட்டு ஒலிப்பதிவு செய்ய மாணவர் செல்வதுண்டு, நல்லதே. எந்தக் கல், நீரா எண்ணெயா, எந்தச் சாய்வு, கூர் ஏறிவிட்டதைக் கட்டைவிரல் எப்படி அறிகிறது என்று கேட்கச் செல்வோர் அரிதினும் அரிது. தமிழ்ப்பள்ளி ஒன்று ஒரு சனிக்கிழமை முற்பகலை அவர்களில் ஒருவர்க்கு ஒதுக்கி, மாணவர் வீட்டு அடுக்களையில் மழுங்கிக் கிடக்கும் கத்திகளைக் கொண்டுவரச் செய்தால் போதும். தீட்டுக்கல்லை அப்பாட்டியே கொண்டு வருவார்.