வைராக்கியம் இல்லாததா குறை?

“மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுடலாம். சிகரெட்டை விடுறதுக்குப் போய் யாராவது கவுன்சலிங் போவாங்களா?” வீட்டிலும் அலுவலகத்திலும் அடிக்கடி காதில் விழும் இந்தப் பேச்சு, விட நினைப்பவரை இன்னும் கூனிக்குறுக வைக்கிறது. இதை நான் ஏற்கவில்லை.

மனசு வைக்காதவர்கள் யார்? 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகைப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் விடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதமோ ஓராண்டோ தாக்குப்பிடிக்கிறார்கள். மற்ற அத்தனை பேருக்கும் வைராக்கியம் இல்லை என்பது அநியாயமான தீர்ப்பு.

அவர்களைத் தோற்கடிப்பது பழக்கம். புகையை இழுத்த சில நொடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. அந்தச் சுகத்தோடு டீ கிளாஸும், பெட்டிக்கடையில் நுனி கனன்று தொங்கும் கயிறும், பக்கத்தில் நிற்கும் நண்பரும் மூளையில் பதிந்துவிடுகின்றன. பிறகு டீயைக் கையில் வாங்கினாலே கை பாக்கெட்டைத் தேடும். கவுன்சலிங்கில் தரும் நடத்தைச் சிகிச்சை கை வைப்பது இங்கேதான். ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், உடன் இருந்தவர், மனநிலை ஆகியவற்றை எழுதச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் எது வெறும் கைப்பழக்கம், எது கோபத்தில் பிடித்தது என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான்: டீயை இருக்கைக்கே வரவழைப்பது, சாப்பிட்டதும் தெருவில் ஒரு நடை, ஆசை கிளம்பும்போது தண்ணீர் குடித்து நேரத்தைத் தள்ளுவது. ஆசையின் உச்சம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதைக் கடக்கத்தான் இந்தப் பயிற்சி.

“வெறும் பேச்சால் என்ன ஆகும்?” என்பது அடுத்த கேள்வி. 1979இல் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸலின் குழு லண்டன் பொது மருத்துவர்களை வைத்து ஆய்வு செய்தது. மருத்துவர் ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொல்லி அனுப்பிய நோயாளிகளில் 5.1 சதவீதம் பேர் ஓராண்டு வரை புகைக்கவில்லை. எதுவும் சொல்லப்படாதவர்களில் இது 0.3 சதவீதம். ஓரிரு நிமிடப் பேச்சுக்கே இவ்வளவு பலன்.

நிகோட்டின் சூயிங்கம், மாத்திரை இருக்கிறதே என்பவர்களுக்கு: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து உடலின் தவிப்பைக் குறைக்கும். டீக்கடையில் நண்பர் நீட்டும் சிகரெட்டை மறுக்கக் கற்றுத்தராது. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால்தான் பலன் அதிகம்.

“ஒண்ணு பிடிச்சாச்சு, இனி எல்லாம் போச்சு” என்ற எண்ணம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. உளவியலாளர் ஆலன் மார்லட் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்: சறுக்கியவரை முழுப் பழக்கத்துக்குத் திரும்பத் தள்ளுவது பெரும்பாலும் இந்த எண்ணம் கிளப்பும் குற்ற உணர்ச்சிதான். நல்ல ஆலோசகர் திட்டமாட்டார். எங்கே, யாருடன் இருந்தபோது சறுக்கியது என்று கேட்டு, அடுத்த முறைக்கு வழி சொல்வார்.

செலவு பற்றிய கவலையும் வேண்டாம். மத்திய அரசின் இலவச ஆலோசனைத் தொலைபேசி எண் 1800-11-2356, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அடுத்த சிகரெட்டை எடுக்கும் முன் அந்த எண்ணுக்குப் பேசிப் பாருங்கள்.